நிலவின் தூரத்தில் பாதி

நாலு படங்கள். விண்மீன்களெல்லாம் உட்கார்ந்திருக்க
ஒன்று மட்டும் இருப்புக்கொள்ளாமல் நகர்கிறது.
இஸ்மேனியா அதை மூன்று வாரமாய்த் துரத்துகிறாள்,
அட்டகாமா குளிரில்,
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு.

முதலில் பத்தாயிரத்தில் ஒன்று என்றது கணக்கு.
பிறகு எழுநூறில் ஒன்று.
வானொலி அதை டொகொனாவ் வரை கொண்டுபோனது.
அவள் கொழுந்தன் எலேயுத்தேரியோ
பூண்டு நடுவதை நிறுத்திவிட்டான்;
கடன் கேட்டு வந்த கூட்டுறவுக்காரரிடம்
"கல் வரட்டும், பேசிக்கொள்ளலாம்" என்றானாம்.

இன்று விடியலில் பிழைவட்டம் சுருங்கியது,
ஈரத்துணியைப் பிழிந்ததுபோல்.
பூமி அதற்கு வெளியே நின்றது.
நிலவின் தூரத்தில் பாதி. அவ்வளவுதான்.
போகிற போக்கில் நாம் அதை இழுப்போம்,
பாதை கோணும், சுற்று பதினொரு நாள் நீளும்.
அதுவும் நம்மை இழுக்கும்,
எந்தக் கருவிக்கும் அகப்படாத அளவுக்கு.
முப்பத்தெட்டு வருடம் கழித்து மறுபடி,
இன்னும் தள்ளி.

பட்டியலில் அதன் வரியை அழித்தாள்.
விரல் ஒரு நொடி தயங்கியதை
யாரிடமும் சொல்லவில்லை.

தொலைபேசியில் எலேயுத்தேரியோ
வெகுநேரம் பேசவில்லை. ஆடு ஒன்று கத்தியது.
"நிச்சயந்தானா?"
நிச்சயம்.
"அப்போ விதைப்பூண்டு
யாரிடமாவது மிச்சம் இருக்குமா,
கேட்டுச் சொல்லேன்."