எஞ்சிய திசு

தூட்லிங்கனுக்குச் சற்று மேலே, கோடை முற்றினால்
டான்யூபைக் காணோம்.
சுண்ணாம்புப் பாறை குடித்துவிடுகிறது.
வெள்ளைக் கூழாங்கல் மட்டும் கிடக்கும் படுகையை
நடந்தே கடந்து வேலைக்குப் போகிறேன்.

எட்டாம் எண் கடைசல் எந்திரம் என்னுடையது.
டைட்டானியத்தில் ஆறு பங்கு அலுமினியம்,
நாலு பங்கு வனேடியம்.
சூட்டை உள்ளே வாங்கிக்கொள்ளாது;
வெட்டுகிற நுனிக்கே திருப்பிக் கொடுக்கும்.
சுருள் சுருளாய் விழும் சீவல் பற்றினால்
கண்கூச வெள்ளையாய் எரியும்,
தண்ணீர் ஊற்றினால் இன்னும் வெறிகொள்ளும்.
ஆகவே காலடியில் ஒரு வாளி உலர்மணல்.
பதினாறு வருஷத்தில்
இரண்டு முறை கவிழ்த்திருக்கிறேன்.

தொடையெலும்புக்குள் இறங்கும் தண்டு இது.
கழுத்தில் முகம் பார்க்கலாம்.
கீழ்ப்பாதியை மட்டும் வேண்டுமென்றே கெடுப்போம்,
மணல் வீசி, அமிலத்தில் முக்கி.
வழவழப்பில் எலும்பு ஒட்டாது.

செவ்வாய்க்கிழமை உல்மிலிருந்து ஒரு பெட்டி.
இரண்டு உறை. ஃபார்மலின் வாடை.
எந்திரம்: எட்டு. வாரம்: நாற்பத்தொன்று.
நான் கடைந்ததை நானே சோதிக்கக் கூடாது என்பது விதி,
எக்கார்ட் விடுப்பில் இருந்தார்.

நாற்பத்தொன்றாம் வாரம்
தாஞ்சுவும் நானும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தது.
நீதிமன்றத்திலிருந்து நேரே ஷிஃப்டுக்கு வந்தேன்.

கை நடுங்கியிருக்குமோ?
கழுத்தை அளந்தேன், மறுபடி அளந்தேன்.
ஐந்து மைக்ரான் வரை பிசகலாம்;
இரண்டுகூட இல்லை.
குற்றம் கிடைக்காவிட்டால்
நிம்மதி வரும் என்றிருந்தேன்.

கூட வந்த தாளில்: கிருமித் தொற்று.
பெண், அறுபத்தேழு. பெயர்மேல் கறுப்பு மை.
அறுவை மருத்துவர் கிறுக்கியிருந்தார்:
*தண்டு அசையவில்லை. எலும்பைப் பிளந்தே எடுத்தோம்.*

கீழ்ப்பாதியை அளக்க
ஒட்டியிருப்பது கரைய வேண்டும்.
இரவு முழுக்கக் கரைசலில் கிடந்தது.
காலையில் சதை போயிருந்தது, ரத்தம் போயிருந்தது.
நான் கெடுத்த குழிகளுக்குள்
நொய்யரிசி அளவு வெள்ளை.
ஊசியால் நெம்பினேன்.
வரவில்லை.

நாலு வருஷம் யாரோ ஒருத்தி
மாடியேறி, பேருந்துக்கு ஓடி,
நாய்க்குப் பின்னால் பனியில் நடந்து
தன் சுண்ணாம்பைக் கிள்ளிக் கிள்ளி அப்பிய இடம்.
உள்ளே வந்தது என்னவென்று
அவள் எலும்பு விசாரிக்கவே இல்லை போலும்.

படிவத்தில் ஒரு கட்டம்:
எஞ்சிய திசு, உண்டு, இல்லை.
உண்டு.
சுத்திகரிப்பு எத்தனை முறை?
ஒன்று என்று எழுதினேன்.
இரண்டாம் முறை கட்டாயம் என்று
கீழே பொடி எழுத்தில் இருந்தது.
படித்தேன். மூடியைப் போட்டேன்.

சாயங்காலம் படுகையில் இறங்கியபோது
ஒரு சிறுவன் கூழாங்கற்களில்
காதை வைத்துக் குப்புறக் கிடந்தான்.
தண்ணீர் கேட்கிறதா என்றேன்.

உஷ், என்றான்.