இடுக்கி

இரவு இரண்டு பத்து.
வெண்மை எழுபத்து நாலுக்கு இறங்கிவிட்டது.
நேற்று இதே நேரம் எண்பத்திரண்டு.

ஒச்சப்பன் பெராக்சைடைக் கூட்டிக்கொண்டே போகிறார்.
கோபுரம் நுரை தள்ளுகிறது.
"குடிக்குது மேடம்.
எவனோ உள்ள உக்காந்து குடிக்கிறான்."

எவன் என்று எனக்குத் தெரியும்.
மாங்கனீசு.
கண்ணுக்குத் தெரியாது, கையில் ஒட்டாது.
கூழைத் தொடுமுன்னே மருந்தைத்
தண்ணீரும் காற்றுமாய்ப் பிரித்து அனுப்பிவிடும்,
பந்திக்கு வராமல் வாசலிலேயே
சோற்றை வாரி இறைக்கிற பங்காளி.

அலங்காநல்லூர்க் கரும்பு மண்ணிலிருந்து உறிஞ்சியது கொஞ்சம்.
வாடிப்பட்டிப் பக்கத்து போர் தண்ணீர் கொஞ்சம்.
மிச்சம் எங்கள் வேலை.
வைகை மணலும் கொதிக்கிற இந்தச் சித்திரையில்
அலசிய நீரையே திரும்பத் திரும்ப அலசவிட்டோம்.
சொட்டு நீர் வெளியே விடுவதில்லை என்று
வாசலில் போர்டு மாட்டினோம்.
சுற்றிச் சுற்றி வந்த நீர்
ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டது.

மக்னீசியத்தை விடு, மாங்கனீசைப் பிடி.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் நானே எழுதி வைத்த சீட்டு.
ஒன்று நாரைக் காக்கும், மற்றது கெடுக்கும்.
ஆபீசில் மாதம் ஒருமுறையாவது
இரண்டையும் மாற்றி அடித்துவிடுவார்கள்.

பிடிப்பதற்கு ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறது,
இருபத்தைந்து கிலோ மூட்டை.
இங்கிலீஷில் நாலு எழுத்து, எங்கள் ஸ்டோரில் இடுக்கி.
அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற அதே பெயர்.
ஆறு கையாலும் வளைத்து
உலோகத்தின் இடுப்பைப் பிடித்தால் விடாது.
"நம்ம ஆத்துக்கு வர்ற தண்ணியும் இடுக்கி மலையிலருந்துதானே"
என்று ஜபருல்லா ஒருநாள் சிரித்தான்.

ஆனால் அதற்கு லேசான புளிப்பு வேண்டும்.
ஐந்தரை, மிஞ்சினால் ஆறு.
அமிலப் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து
எட்டரையில் கிடக்கிறது தொட்டி.
மாங்கனீசு நாரை விட்டு இறங்கவே இல்லை.
இடுக்கி வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறது, சாயந்திரத்திலிருந்து.

ஜபருல்லா பம்ப்பைப் பிரித்துப் போட்டான்.
டார்ச் பிடித்திருந்த எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.
ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன்.
ஒச்சப்பன் டீ கொண்டுவந்தார்.
இப்போது குடிக்கக் கூடாது.

கைப்பையில் ஈ.எஸ்.ஐ. சீட்டு:
ரா. சந்தனமாரி, 36.
ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்று.
இரும்பு மாத்திரை தினம் ஒன்று.
டீ, காபியோடு வேண்டாம்.

டீயின் துவர்ப்பும் ஓர் இடுக்கிதான்.

எட்டு மணி நேரம் இரும்பை விரட்டுகிறவள்
இரும்பு விழுங்குகிறாள்.
இரத்தத்திலும் இதே வேலை நடக்கிறதாம்,
ஒரு வளையம்,
நடுவே ஒற்றை இரும்பை நாலு கை பிடித்திருக்கும்.
இரும்பு வராவிட்டால் வளையம் சும்மா இருக்காதாம்.
துத்தநாகத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுமாம்.
எனக்குள் எத்தனை நாற்காலியில்
யார் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ.

மூணே முக்காலுக்குப் பம்ப் மூச்சு விட்டது.
நாலு மணிக்குப் புளிப்பு ஐந்து புள்ளி எட்டு.

இனி அந்த வடிநீரைத் திருப்பி அனுப்ப முடியாது.
பிடித்ததைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றி வரும்.
கழிவுத் தொட்டியில் வளர்க்கிற கிருமிகளுக்கும்
அந்தப் பிடியை அவிழ்க்கத் தெரியாது.
தெரிந்துதான் வால்வைத் திறந்தேன்.
லாக் புத்தகத்தில் எழுதினேன்:
சுழற்சி நிறுத்தம். முப்பது கன மீட்டர் வெளியே.
காரணம் என்ற கட்டம் அரை அங்குலம்.
டயாஃப்ரம் என்பது மட்டும் அதில் அடங்கியது.

ஆறு மணிக்கு எழுபத்தொன்பது.
ஒச்சப்பன் ஒரு கை கூழை அள்ளிப் பிழிந்து
டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஆரப்பாளையம் போகிற கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.
மாத்திரை போட்டு நாலு மணி நேரம் ஆகிவிட்டது என்று
விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு
ஆடை படிந்திருந்த அந்த டீயைக் குடித்தேன்.