இலவச அஞ்சல்

உறையின் மூலையில் கையெழுத்திட்டால் போதும்,
தபால் செலவு தேசத்துடையது.
லெமுவெல் ஹாட்ச்கிஸ், ஒஹையோவின் ஏரிக்கரை உறுப்பினர்,
முதல் வருடம் முழுக்க
வாக்காளர்களுக்கு டர்னிப் விதை அனுப்பினார்.
பாதி முளைத்தது.
இரண்டாம் வருடம் தன் அழுக்குச் சட்டைகளை
வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்.
எல்லோரும்தான் செய்தார்கள். விடுதியில் பக்கத்து அறை
கென்டக்கிக்காரர் ஒரு குதிரைச் சேணத்தையே அனுப்பினார்.

தோல் பதனிடும் கொட்டகையில் பிறந்தவர்.
ஓக் பட்டைச் சாற்றில் கறுத்த நகங்களை
மேடையில் விரித்துக் காட்டித்தான் ஜெயித்தார்.
வாஷிங்டனில் கையுறை.
சபையில் பேசியது மூன்று முறை:
துறைமுகத்துக்கு ஒரு கலங்கரை விளக்கம்;
ஒரு விதவைக்கு ஓய்வூதியம்,
கணவன் இழந்தது எந்தக் கால் என்று
அரை மணி நேரம் விவாதித்தார்கள்;
எச்சில் கலங்கள் போதவில்லை என்று ஒரு முறையீடு.
விளக்கு கிடைத்தது.

சட்டைகள் பன்னிரண்டு நாளில் திரும்பும்,
கஞ்சி போட்டு, மடித்து,
காலருக்குள் ஒரு துண்டுச் சீட்டோடு.
பசு ஈன்றது. கூரை ஒழுகுகிறது.
இப்படிக்கு, தாங்க்ஃபுல்.
நன்றியுள்ளவள் என்று பொருள். அப்பா வைத்த பெயர்.

துவைக்கும் தொட்டி ப்ரைமஸ் டெல் செய்தது.
பீப்பாய்க்காரர். வர்ஜீனியாவிலிருந்து
எப்படி வந்தார் என்று ஊரில் எவரும் கேட்டதில்லை.
கேட்காமலிருந்தது
அந்த ஊர் செய்த ஒரே நல்ல காரியம்.

செப்டம்பரில் அந்த மசோதா வந்தது:
தப்பி வந்தவரை எங்கே கண்டாலும் பிடித்துக் கொடு.
பெயர்களை அகர வரிசையில் அழைத்தார்கள்.
ஹாட்ச்கிஸ், என்றார் எழுத்தர்.
ஹாட்ச்கிஸ்.
அவர் தாழ்வாரத்தில், தண்ணீர்ப் பானையருகே,
ஒரு குவளை குடித்தார். தாகமில்லை.
இன்னொரு குவளை.
நான் ஆம் என்று சொல்லவில்லையே,
பிற்காலத்தில் அடிக்கடி சொன்னார்,
யாரும் கேட்காதபோதும்.

மாதக் கடைசியில் மூட்டை வந்தது.
போன அழுக்கு அப்படியே,
கழுத்துப் பட்டையில் வியர்வையின் மஞ்சள் கோடு.
தொட்டி இருக்கிறது. செய்தவர் கனடா போய்விட்டார்,
மனைவி, நான்கு பிள்ளைகள்;
இழைப்புளியைக்கூட எடுக்கவில்லை.
படகு இரவில் கிளம்பியது. உங்கள் விளக்கு எரிந்தது.
கூரை ஒழுகுகிறது.
அதற்கும் தபால் செலவு தேசத்துடையது.

அடுத்த தேர்தலில் அறுபத்தோரு வாக்கில் தோற்றார்.
சுங்கச் சாவடியில் எழுத்தர் வேலை, பத்தொன்பது வருடம்:
அக்கரையிலிருந்து வரும் உப்புமீன் பீப்பாய்களை எண்ணுவது.
எண்ணுமுன் ஒவ்வொன்றையும் சாய்த்து
அடியில் செதுக்கிய குறியைப் பார்ப்பார்.
வரிசை நீளும். படகுக்காரர்கள் திட்டுவார்கள்.
எதைத் தேடினாரென்று கணக்கேட்டில் இல்லை.
அதில் எடை மட்டும்,
அதே மூலையில், அதே கையெழுத்து.

சட்டைகளை அவரே துவைத்தார்.
சுமாராக.