சுரண்டி

நாற்பத்தோரு வருடம்
லக்ஸெவோக் கப்பல்துறையில் என் வேலை
ஒட்டியதைப் பிரிப்பது.

கப்பலின் அடிவயிறு மேலே,
நான் கீழே மல்லாக்க.
கருநீலச் சிப்பிகள் கொத்துக்கொத்தாக.
உப்புநீர் முழங்கை வழியே அக்குளுக்குள் இறங்கும்.
சிப்பியைப் பெயர்க்க ஓர் அழுத்து போதும்,
அதன் பிசினைப் பெயர்க்க ஒன்பது.
கெட்ட வார்த்தைகளை நான் கற்றது அங்கேதான்,
போலந்துக்காரர்களிடமிருந்தும் சில.

இடுப்பு தேய்ந்தது அப்படித்தான்.
முதலில் வைத்த டைட்டானியம் தண்டு
ஆறே வருடத்தில் ஆட்டம் கண்டது.
"உங்கள் எலும்பு அதைத் தொடவே இல்லை, தோர்லைவ்"
என்றார் மருத்துவர்.
எக்ஸ்ரேயில் காட்டினார்:
உலோகத்துக்கும் எனக்கும் நடுவே
மயிரிழை அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு.
வேண்டாத விருந்தாளிக்குத்
தனித் தட்டு வைப்பதுபோல
உடம்பு அதைச் சவ்வால் சுற்றி
ஒதுக்கி வைத்திருந்தது.

இரண்டாம் அறுவைக்கு முன்னால்
ஆய்வுக்கூடத்திலிருந்து ஹால்டிஸ் என்றொரு பெண் வந்தாள்.
சொட்டும் கோட்டை மாட்ட ஆணி தேடினாள்,
கிடைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.
பிறகு ஒரு குப்பியை எடுத்தாள்.
உள்ளே
முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலக்கிய மாதிரி.
"புரதம். இதைத் தண்டின்மேல் பூசுவோம்,
சோப்புக் குமிழியின் தோலைவிட மெல்லியதாக."

உடம்பு உலோகத்தைப் பார்ப்பதே இல்லையாம்.
தையல் போடும் முன்பே
ரத்தம் ஓடிவந்து
கைக்குக் கிடைத்த புரதங்களை அதன்மேல் அப்பிவிடுமாம்.
எலும்பின் செல்கள் மெதுவாக வந்து சேர்ந்து
தடவிப் பார்ப்பது அந்தச் சட்டையைத்தான்.
"நாங்கள் கொஞ்சம் முந்திக்கொள்கிறோம், அவ்வளவுதான்."

ஈரத்தில் எதுவும் ஒட்டாதே என்றேன்.
குளியலறைச் சுவருக்குக் காகிதம் ஒட்டி
மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

"இது ஒட்டும். சிப்பியின் பசை."

நான் சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார்.

எத்தனை சிப்பியைக் கொன்றாய் என்று கேட்டேன்.
ஒன்றுகூட இல்லையாம்.
பாக்டீரியாவின் காதில் சிப்பியின் மந்திரத்தை ஓதி
எஃகுக் கொப்பரையில் வளர்த்து எடுக்கிறார்களாம்.
கடலையே பார்க்காத பிசின்.
ஏனோ அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.
நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது:
பாதிப் பேருக்குப் பூசிய தண்டு,
பாதிப் பேருக்கு வெறும் தண்டு.
எனக்கு எது என்று
எனக்கும் தெரியாது, ஹால்டிசுக்கும் தெரியாது.
இரண்டு வருடம் கழித்து
எங்கோ ஓர் உறையைக் கிழிப்பார்கள்.

இது பதினோராம் மாதம்.
இரவில் ஒருக்களித்துப் படுத்து
உள்ளே இருப்பவனிடம் கேட்கிறேன்:
உடுத்தி வந்தாயா,
அம்மணமாக வந்தாயா?
மழை பெய்கிறது.
பெர்கனில் எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில்.

படியேறினால் வலி இல்லை.
அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
முன்னே வைத்ததும்
முதல் வருடம் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் என் சின்னப் படகைக் கரையேற்றினேன்.
அடியில், வேறென்ன, சிப்பிகள்.
"பாவம், விட்டுவிட்டீர்களா?"
தொலைபேசியில் ஹால்டிஸ் கேட்டாள்.
ஏன் விட வேண்டும்?
படகு படகுதான்.
சுரண்டினேன்.

கடைசியாக ஒன்று, கட்டைவிரல் அளவு.
ஓடு தெறித்து வாளிக்குள் விழுந்தது.
அது இருந்த இடத்தில்
கடுகளவில், பழுப்பு நிறத்தில்
ஒன்பதோ பத்தோ புள்ளிகள்,
பிடித்தவன் போன பிறகும்
பிடித்தபடி.

சுரண்டியைக் கீழே வைத்தேன்.
படகிலிருந்து கையை எடுத்தேன்.
முழுப் பாரத்தையும்
மெல்ல
இடது காலுக்கு மாற்றினேன்.