நாற்பத்தைந்து நிமிடம்

நாற்பத்தைந்து நிமிடந்தான் என்றான் ஆ ஹோங்,
மாதிரி வீட்டின் பொய்ப் புல்தரையில் நின்றபடி.
எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு என்று
நானும் கேட்கவில்லை, தேவேந்திரனும் கேட்கவில்லை.
செத்தாப்பாக்கில் எங்களுக்குப் பதினான்காம் மாடி.
லிஃப்ட் கெட்ட ஒருநாள்
ஒரு தோளில் அரிசிப் பை, மறு தோளில் பிள்ளையுடன்
ஒன்பதாவது மாடிப் படியில் உட்கார்ந்து அழுதவள் நான்.
அப்படிப்பட்டவளிடம் தரையைக் காட்டினால்
தூரத்தை அளப்பாளா?

கைப்பேசியில் பட்டியல் இருந்தது.
வெள்ளம் ஏறாத மேடு. பக்கத்தில் தமிழ்ப்பள்ளி.
கிளினிக். ஊஞ்சலில் துரு இல்லாத பூங்கா.
ராவாங் விலை எட்டவில்லை.
செரண்டாவில் பார்த்த வீட்டுக்கு எதிரே சுடுகாடு.
பத்தாங் காலியில், செம்பனையைச் சாய்த்த இடத்தில்
மூன்று வரிசை வீடுகள் எழும்பியிருந்தன.
அதற்கப்பால் இன்னும் தோட்டம்தான்;
மரத்துக்கு மரம் வெள்ளைப் பெயிண்டில் எண்.
எங்கள் வீட்டுக்கும் எண் உண்டு, பதினேழு.
முப்பத்தைந்து வருடக் கடன்.
முடியும்போது எனக்கு அறுபத்தெட்டு.
தேவேந்திரன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்,
ஆ ஹோங் முகத்தைப் பார்த்தான்,
மறுபடி வாங்கிக்கொண்டான்.

ஐந்தே முக்கால் கொமுட்டர்.
பிளாட்பாரத்தில் எல்லார் முகத்திலும் இன்னும் குழாய்த் தண்ணீர்.
செரண்டாவில் ஏறும் நர்ஸ் கண்ணை மூடியே உட்காருவாள்,
கெப்போங்கில் பிசகாமல் திறப்பாள்.
யாரோ ஒருவர் பையில் நாசி லெமாக்;
பெட்டி முழுக்க வாசத்தால் பசியாறுவோம்.
ராவாங்கில் ரயில் காரணம் சொல்லாமல் நிற்கும்.
எனக்கு வேலை, மற்றவர்களின் ஓ.டி. மணிகளைக் கூட்டிச்
சம்பளமாக மாற்றுவது.
என் மூன்று மணி நேரத்துக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

திரும்பி வந்தால் எட்டேகால்.
ருத்விகா தூங்கியிருப்பாள், அல்லது
தூங்காமலிருக்கப் போராடித் தோற்றிருப்பாள்.
ஹாலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு
ரயில் ஓட்டுகிறாளாம், தேவேந்திரன் சொன்னான்.
'ஸ்தேசென் பெரிகுத்னியா, ரூமா.'
அடுத்த நிலையம் வீடு.
அவள் ரயிலும் ராவாங்கில் நிற்குமாம்.

ஜூலையில் ஒரு செவ்வாய், பல்வலிக்கு எம்.சி. எடுத்தேன்.
பத்து மணிக்கே பல் அடங்கிவிட்டது.
மூன்று வருடமாகக் கடன் கட்டும் ஊரை
அன்றுதான் வேலை நாள் வெயிலில் பார்த்தேன்.
(ஞாயிறு கணக்கில் வராது. ஞாயிறு எல்லா ஊரும் ஒன்றுதான்.)
காற்று திரும்பினால் எண்ணெய் ஆலையின் புளித்த வாடை.
வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு வங்காளதேசத்துப் பையன்கள்
நீளக் கம்பின் நுனி அரிவாளால் குலை இறக்கினார்கள்;
ஒவ்வொன்றும் விழ, எங்கள் ஜன்னல் லேசாக அதிர்ந்தது.
இது தினமும் அதிர்கிறதா?
கடைக்காரர் கேட்டார், புதுசா குடி வந்திருக்கீங்களா?
ஆமாம் என்றேன்.

பள்ளி வாசலில் ஒரு மணிக்கே போய் நின்றேன்.
மணி அடித்தது. நீலப் பினஃபோர்கள் கொட்டின.
ருத்விகா வந்தாள். அவள் பார்வை என்மேல் பட்டு,
நிற்காமல் தாண்டிப் போனது.
வேன்கார மங்களா ஆன்டியைத் தேடும் கண் அது.
கூப்பிட்டேன்.
"அம்மா, ரயில் ஓடலையா?"

சந்தோஷப்பட்டாள், அதைச் சொல்லியாக வேண்டும்.
வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள்.
பிறகு வேனைப் பார்த்தாள்.
ஜன்னலோரம் அவள் இடம்; இன்றைக்கு விட்டால்
நாளைக்குக் கீர்த்தனன் தரமாட்டானாம்.

ஆகவே அவளை ஏற்றிவிட்டு
பழைய சாகாவில் வேனின் பின்னாலேயே போனேன்.
வேன் சந்துக்குச் சந்து நின்றது, நானும் நின்றேன்.
பிள்ளைகள் இறங்கினார்கள், எனக்கும் கைகாட்டினார்கள்.
எட்டு நிமிடப் பாதைக்கு அரைமணி ஆயிற்று.
பதினேழாம் எண்ணில் அவள் முதலில் இறங்கி
பையை மடியில் வைத்துக் கேட்டருகே உட்கார்ந்தாள்,
நான் வந்து சேர.