டோக்கன் பதினான்கு

கோல்ட் ஃபீட் என்றான் போனில்
காற்றாலைக் கம்பெனியிலிருந்து வந்த பையன்.
இந்தியும் இங்கிலீஷுமாய் யாரிடமோ பொரிந்ததில்
எனக்குப் பிடிபட்டது அது ஒன்றுதான்.

ராதாபுரம் பத்திர ஆபீஸ்,
சித்திரைக் கடைசி, பகல் பன்னிரண்டே கால்.
பத்திரம் எழுதுகிறவன் நான்,
சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தே பழகியவன்.
குனிந்து அந்தம்மாள் காலைப் பார்த்தேன்.

லேட் தேவஇரக்கம் மனைவி ஏசுவடியாள்,
புஞ்சை இரண்டு ஏக்கர் முப்பத்தேழு சென்ட்,
வடக்கே ஓடை,
மற்ற மூன்று பக்கமும் ஏற்கெனவே கம்பெனிக்கு.
பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்த கால்.
வெடிப்பில் தேரி மண். குளிர்ந்த மாதிரி தெரியவில்லை.

ரேகை மெஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள்.
வைத்தாள். பீடி சுற்றித் தேய்ந்த விரல், பதியவில்லை.
துடைச்சிட்டு வைங்கம்மா என்றார்கள்.
துடைத்தாள்.
முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.
அப்போதுதான் பையன் போனை எடுத்தது.

டைப் அடிக்கிற செல்வகனி காதோரம் சொன்னாள்:
"தாலி கட்டுத நேரத்துல மாப்பிள்ளை
கொல்லப்பக்கமா நழுவுவாம்லா அண்ணாச்சி, அதுதான்."

நமக்கு வயிற்றில் புளி கரையும்.
தொடை நடுங்கும்.
குளிர்ந்தால் நல்லதல்லவா இந்த ஊரில்?
மனசு குளிர்ந்தது என்கிறோம், வயிறு குளிர்ந்தது என்கிறோம்.
குளிர்ந்த காலை நான் தொட்டது ஒரே தடவை,
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில், மைத்துனன் கால்.
அதற்குப் பிறகு அவன் எதற்கும் தயங்கவில்லை.

மேசையில் பத்திரம், நாலாம் பக்கம் திறந்து கிடந்தது:
'பிறர் தூண்டுதல் இன்றி முழு மனச்சம்மதத்துடன்.'
ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுதுகிறேன்.
கட்சிக்காரருக்கு வாசிக்கும்போது
அந்த இடத்தில்தான் வேகமாய்ப் போவேன்.

"ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாரேன், ஐயா."

பதினைந்தைக் கூப்பிட்டார்கள்.
பதினாறு. இருபது.
வாசலில் அவள் செருப்பு கிடந்தது,
இடது வாரில் ஊக்கு மாட்டியது.
அதை நாலு தடவை எட்டிப் பார்த்துவிட்டு
ஆள் இங்கேதான் இருக்கிறாள் என்று
பையன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்;
அந்த மட்டுக்கு இந்தி எனக்கும் புரிந்தது.

ஜன்னலோரம் இருந்தவன் நான்.
உருகிய தார் ரோட்டில் வெறுங்காலோடு
திசையன்விளை பஸ்ஸைக் கைதட்டி நிறுத்தி
அவள் ஏறியதைப் பார்த்தேன்.
சொல்லவில்லை.

எழுத்துக்கூலியும் கேட்கவில்லை,
யாரிடம் கேட்க?