கேத்தில் அடியில்

ஞானப்பல் ஒன்றோடு பிடுங்குப்பட்டு வந்தது
அரிசிமணி அளவு முரசுத் துண்டு.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
பெரியாஸ்பத்திரியிலிருந்து ஓட்டோவில் வந்தேன்.
ஆரியகுளம் சந்தியில் ஒரு பசு
ஹோர்ன் சத்தத்துக்கு அசையாமல் நின்றது.
பல்லுக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது.
மூடியில் நான் எழுதியது இவ்வளவுதான்:
சாதாரணம், ஏழு.

சாதாரணத்தை வளர்ப்பதுதான் கஷ்டம்.
புற்றுக் கலத்துக்குப் பத்தியம் இல்லை.
ஊற்றியதைக் குடிக்கும்,
பக்கத்துக் காணியின் எல்லைக்கல்லை
இரவோடிரவாகத் தள்ளி நடும்,
இடம் முடிந்தால் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறும்.
பிளாஸ்க்கை மறந்துவிட்டுக்
கலியாண வீட்டுக்குப் போய்வந்தாலும் இருக்கும்.

மேலணிக் கலம் அப்படியல்ல.
சீரம் கொடுத்தால் கெட்டுப்போகும்.
பிறக்காத கன்றின் இரத்தத்தில் தெளிந்த
அந்தத் தேன்நிறத்துக்குள் எல்லாமே உண்டு,
என்னென்ன என்றுதான் ஒருவருக்கும் தெரியாது.
விட்ட மறுகிழமை நார்க்கலங்கள்
கோரைப்புல்லாய் மூடிவிடும்.
ஆகவே சீரம் இல்லை.
சம்பளத்துக்கு முந்திய கிழமை
கடைத்துண்டு எழுதுபவளைப்போல எண்ணிப்போடுகிறேன்:
இன்சுலின் இத்தனை,
இரும்பு சுமக்கும் புரதம் இத்தனை,
வளர் என்று சொல்லும் காரணி
தராசே நம்பாத அளவு.
கல்சியம் மட்டும் இருந்தும் இல்லாமலும்.
கூடினால் அவை ஒன்றையொன்று இறுகப் பற்றும்,
தட்டையாகும், தடிக்கும்,
பிரிவதை விட்டுவிட்டுத் தோலாகிவிடும்.

ஒன்று முதல் ஆறுவரை அப்படித்தான் போயின.
நாலாம் நாள் நன்றாக இருக்கும்,
ஆறாம் நாள் பொரித்த முட்டை.
கரண்ட் வெட்டு என்றான் வாகீசன்.
கொழும்பில் சாமானை வெயிலில் வைத்துவிட்டார்கள்
என்றார் பேராசிரியர்.
என் கை சரியில்லை என்பதை நான்
ஒருவரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒரு பின்னேரம்
தேத்தண்ணிக்குக் கேத்திலைத் திறந்தேன்.
அடியில் வெள்ளை.
நகத்தால் சுரண்ட ஓடு ஓடாய்க் கழன்றது.
கையில் அந்த ஓட்டோடு
போத்தல் கழுவுமிடத்துக்கு ஓடினேன்.

“வடிச்ச தண்ணி சொட்டுச் சொட்டாத்தானே வருது, மிஸ்.
கடைசியா ஒருக்காக் கிணத்துத் தண்ணியில அலசுறனான்.
நல்ல தண்ணி” என்றா கொன்சலற்றா,
“நானும் அதைத்தான் குடிக்கிறனான்.”

உண்மை, நல்ல தண்ணீர்தான்.
குடாநாடு முழுக்கக் கடல் விட்டுப்போன சுண்ணக்கல்.
அதைக் குடித்துத்தான் என் எலும்பு.
அந்த ஞானப்பல்லும் அதில்தான் முளைத்திருக்கும்.
போத்தல் அடியில் காய்ந்த ஒரு மிடறு
ஆறு பேரின் கலங்களிடம்
இனி நீ தோல், கெட்டியாகு என்று சொல்லியிருக்கிறது.
இந்த ஊர் எங்களிடமும்
அதைத்தானே சொல்லிவந்தது.

ஏழுக்கு எல்லாப் போத்தலும் புதிது.
ஒன்பதாம் நாள் நுணுக்குக்காட்டிக்குள்
சின்னச் சின்னப் பல்கோணங்கள்,
கல் பதித்த முற்றம்போல.
பக்கத்து வேலி தொட்டதும் நின்றுவிடுகின்றன.
வழக்கு இல்லை.
வாகீசனைக் கூப்பிடவில்லை, கொஞ்சநேரம்
நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழிவரை பிரித்துப் பிரித்து வைத்தேன்.
எட்டாம் தடவை மெதுவாகின.
ஒன்பதாம் தடவை பெருத்து, உருக்குலைந்து,
அப்படியே இருந்தன.
சாகவில்லை, பெருகவும் இல்லை.
பிழை தேடித் தண்ணீரைச் சோதித்தேன்,
தண்ணீரில் பிழை இல்லை.
சாதாரணம் என்றால் அதுவும்தான்.
கொப்பியில் திகதி போட்டேன்.

அன்றிரவு கேத்திலுக்குள் தேசிக்காய் பிழிந்து
ஊறவிட்டேன்.
காலையில் பாதிதான் போயிருந்தது.
மீதியோடு தேத்தண்ணி வைத்தோம்.
கொன்சலற்றா
சீனியைக் கூடப் போட்டுவிட்டா.